பள்ளி முதல் மணி 8.00ஆ, 8.30ஆ, 9.00ஆ? கணக்கோடு பேசுபவர்கள் வரவும்

பெ_ஆ_கழக_உறுப்பினர் (இழையைத் தொடங்கியவர்)

எல்.கே.ஜி முதல் பிளஸ் டூ வரை உள்ள மெட்ரிக் பள்ளி. வரும் ஜூனில் பள்ளி நேரத்தை மாற்றுவது பற்றிக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். இப்போதைய நிலவரம்:

முதல் மணி 8.30, கடைசி மணி 3.45. பிரேயர் 15 நிமிடம், 45 நிமிட பீரியட் எட்டு, 10 நிமிட இடைவேளை இரண்டு, மதியச் சாப்பாட்டுக்கு 40 நிமிடம்.

பஸ் நான்கு. ஒவ்வொன்றும் காலையில் இரண்டு டிரிப் அடிக்கிறது. முதல் டிரிப்பின் முதல் ஸ்டாப் 6.25, பள்ளிக்கு வருவது 7.10. அடுத்த ரூட்டுக்குக் காலியாகப் போக 25 நிமிடம். 7.35க்கு இரண்டாவது டிரிப் ஏற்றி 8.20க்கு உள்ளே.

மாலையில் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரம் கிடைக்கும் என்று நிர்வாகம் 8.00 கேட்கிறது. பெற்றோரில் ஒரு பகுதியினர் 9.00 வேண்டும் என்கிறார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் 8.30ஐத் தொடவே கூடாது என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

டெப்போபக்கம்

உங்கள் பள்ளி தொடங்கும் நேரம் 8.30 இல்லை சார். முதல் டிரிப் பிள்ளைக்கு அது 7.10. அந்த நேரத்துக்கு வந்து இறங்கி, ஒரு மணி இருபது நிமிடம் வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறது. எட்டு டிரிப்பில் நான்கு டிரிப் பிள்ளைகள், அதாவது பஸ்ஸில் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதி. எனவே மணியை விட்டுவிட்டு, முதல் ஸ்டாப்பில் முதலில் ஏறும் பிள்ளையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

8.00 என்று வைத்தால் அந்த 6.25 அப்படியே 5.55 ஆகும். ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பதே 6.35ஐ ஒட்டி, நாகர்கோவில் பக்கம் 6.40ஐத் தாண்டும். சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே ரோட்டோரம் நிற்க வேண்டிவரும். கூட்டத்தில் இந்த ஒரு வரியை வாசித்தாலே 8.00 விழுந்துவிடும்.

தூக்கம்_முக்கியம்

அதே 6.25 பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புப் பெண் என்று வையுங்கள். குளியல், தலை பின்னல், டிபன், ஸ்டாப்புக்கு நடை எல்லாம் சேர்த்து 55 நிமிடம். 5.30க்கு எழ வேண்டும். 13 வயதிலிருந்து 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் தரும் அளவு. குறைந்தபட்ச எட்டுக்கே அவள் இரவு 9.30க்குத் தூங்கியிருக்க வேண்டும். பஸ், டியூஷன், வீட்டுப்பாடம், சாப்பாடு என்று முடிக்கும்போது 10.30 ஆகும். தினம் ஒரு மணி நேரம் கடன்.

"சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள்" என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்வார். பூப்பெய்தும் பருவத்தில், தூக்கத்தை வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரமே இரவில் தள்ளிப்போகிறது. 9 மணிக்கு விளக்கை அணைத்தாலும் புரண்டு படுத்திருப்பார்களே தவிரத் தூக்கம் பிடிக்காது. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2014இல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொன்னது இந்தக் காரணத்தால்தான். கலிபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து அது சட்டம்: நடுநிலைக்கு 8.00, உயர்நிலைக்கு 8.30, அதற்கு முன் கூடாது.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை எழுப்பாமல் விட்டால் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று பாருங்கள். வார நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் வாரம் முழுக்கக் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆறாம்_பீரியட்

மறுப்பு உண்டு. மணியைத் தள்ளினால் படுக்கும் நேரமும் கூடவே தள்ளிப்போகும். சிங்கப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் 7.30ஐ 8.15 ஆக்கியது. 45 நிமிடம் தள்ளியதில் ஒரு மாதம் கழித்துப் படுக்கையில் இருந்த நேரம் கூடியது சுமார் 23 நிமிடம். ஒன்பது மாதம் கழித்து அளந்தபோது கூடியிருந்த தூக்கம் சுமார் 10 நிமிடம். டியூஷன் ஊறிய ஊரில் இதுதான் நடக்கும். நம் ஊரும் அப்படித்தான்.

தூக்கம்_முக்கியம்

அந்தக் கணக்கு சரி. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தையும் பக்கத்தில் வையுங்கள். அதே 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். மாணவர் கையில் அசைவு அளக்கும் கருவி கட்டிப் பார்த்ததில் கூடியது 34 நிமிடம். படுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை, எழும் நேரம்தான் தள்ளிப்போனது. இரண்டு ஊருக்கும் பல வேறுபாடுகள் உண்டு; மாலையில் எவ்வளவு வேலை சுமத்துகிறோம் என்பது அதில் பெரியது என்று நினைக்கிறேன். காலையில் கொடுத்த அரை மணியை மாலையில் வீட்டுப்பாடமாகத் திரும்ப வாங்கினால் பத்து நிமிடம்தான் மிஞ்சும். அது பள்ளியின் கையில் இருக்கும் விஷயம்.

கால_அட்டவணைக்காரர்

இப்போது டைம்டேபிளுக்கு வருவோம். 8 × 45 = 360. அதோடு 15 + 10 + 10 + 40. மொத்தம் 435 நிமிடம், 7 மணி 15 நிமிடம். 9.00க்குத் தொடங்கினால் 4.15க்கு முடியும். "லேட்டாகத் தொடங்கினால் லேட்டாக முடியும்" என்று எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நாளின் நீளத்தைத் தொடவே கூடாது என்று யார் சொன்னது?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல். 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம். அதாவது நாளுக்கு முறையே 4 மணி நேரம், 4 மணி 33 நிமிடம். நீங்கள் நடத்துவது 6 மணி நேரம். எல்லாப் பீரியடையும் 40 நிமிடம் ஆக்கினாலும் 5 மணி 20 நிமிடம் வரும்; 220 நாளுக்கு 1173 மணி. சட்டம் கேட்பதைவிட மிக அதிகம்.

வேதியியல்_ஆசிரியை

அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது சார். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு நாளுக்கு 40 நிமிடம் குறைத்தால் ஆண்டுக்கு 146 மணி நேரம் போகும். பாடத்தை எப்படி முடிப்பது?

பிராக்டிகல் இன்னொரு தலைவலி. இரண்டு பீரியட் சேர்த்தால் 90 நிமிடம் கிடைத்தது, இனி 80. உப்புப் பகுப்பாய்வில் முதல் பத்து நிமிடம் அட்டெண்டன்ஸும் சாமான் கொடுப்பதும். கடைசிப் பத்து நிமிடம் கழுவி வைக்க. நடுவில் 60 நிமிடத்தில் அமில உறுப்பு, கார உறுப்பு இரண்டையும் கண்டுபிடித்து உறுதிச் சோதனை வரை போக முடியாது. பாதியில் மணி அடித்தால் டெஸ்ட் டியூபை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். அது ஆபத்தும்கூட.

கால_அட்டவணைக்காரர்

நியாயமான கேள்வி மேடம். அதனால் எல்லாப் பீரியடையும் குறைக்க வேண்டாம். காலை நான்கும் 45, மதியம் நான்கும் 40. போட்டுப் பாருங்கள்:

9.00 பிரேயர்
9.15 – 10.00 முதல் பீரியட்
10.00 – 10.45 இரண்டாவது
10.45 – 10.55 இடைவேளை
10.55 – 11.40 மூன்றாவது
11.40 – 12.25 நான்காவது
12.25 – 1.05 சாப்பாடு
1.05 – 1.45 ஐந்தாவது
1.45 – 2.25 ஆறாவது
2.25 – 2.35 இடைவேளை
2.35 – 3.15 ஏழாவது
3.15 – 3.55 எட்டாவது

இப்போதைவிட 10 நிமிடம்தான் தாமதமாக முடிகிறது. பிராக்டிகல் எல்லாவற்றையும் 1–2 அல்லது 3–4இல் வைத்தால் 90 நிமிடம் முழுசாகக் கிடைக்கும். இடைவேளைக்கு இரு பக்கமும் வருகிற 2–3ஐ ஜோடி சேர்க்காதீர்கள். நடுவில் லேபைப் பூட்ட வேண்டியிருக்கும். ஒரே லேப் உள்ள பள்ளியில் நாளுக்கு இரண்டு ஜோடி, ஐந்து நாளில் பத்து பேட்ச். எத்தனை செக்ஷன், எத்தனை பேட்ச் என்று முதலில் எண்ணி, அதைப் பூட்டிவிட்டுத்தான் மற்ற பாடங்களை நிரப்ப வேண்டும். தமிழ், கணக்கு எல்லாம் போட்ட பிறகு லேபைச் சொருகப் பார்த்தால் மதியத்துக்குத்தான் தள்ளப்படும்.

போகிற நேரம் நாளுக்கு 20 நிமிடம். உண்ட மயக்கம் தெளியாத மதியப் பீரியடுகளிலிருந்து போகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேலேதான் இழப்பு; அதையும் காலையில் விழித்திருக்கும் முதல் பீரியட் ஈடுகட்டும் என்பது என் கணிப்பு.

வேதியியல்_ஆசிரியை

லேபை முதலில் பூட்டுவீர்கள் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

டெப்போபக்கம்

பஸ்ஸை மாற்றாமல் மணியை மட்டும் தள்ளினால் 6.25 பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் அரை மணி. இன்னும் 20 நிமிடம் ரூட்டிலேயே கிடக்கிறது.

தெருவுக்குத் தெரு நின்று ஏற்றும் வண்டியில் ஒரு ஸ்டாப்புக்கு ஒன்றேகால், ஒன்றரை நிமிடம் போகும். வேகம் குறைத்து, ஓரம் கட்டி, கதவு திறந்து, உதவியாளர் இறங்கிக் கைபிடித்து ஏற்றி, மீண்டும் கியர் மாற்றி வேகம் எடுக்கும் வரை. ஏழெட்டு ஸ்டாப்பைப் பக்கத்து ஸ்டாப்போடு சேர்த்தால் 45 நிமிட டிரிப் 35 ஆகும். பிறகு கணக்கு இப்படி:

8.50க்கு இரண்டாவது டிரிப் பள்ளிக்குள்.
8.15க்கு அதன் முதல் ஸ்டாப்.
7.50க்கு முதல் டிரிப் பள்ளிக்குள்.
7.15க்கு அதன் முதல் ஸ்டாப்.

6.25 ஆனது 7.15. மணியால் 30 நிமிடம், ஸ்டாப்பால் 20 நிமிடம்.

ஸ்டாப் சேர்க்கும்போது தவறுவது இங்கேதான்: பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து வரும்படி வைத்துவிடுவார்கள். வண்டி போகும் பக்கத்திலேயே குடியிருப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஸ்டாப்பைச் சேர்க்காதீர்கள், இரண்டு நிமிடம் போனால் போகட்டும். எல்.கே.ஜி, யு.கே.ஜி பிள்ளை உள்ள வீடுகளுக்கு 200 மீட்டருக்கு மேல் நடை வைக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

முதல் டிரிப், இரண்டாவது டிரிப் ரூட்டுகளை அரையாண்டுக்கு ஒருமுறை மாற்றிப் போடவும் முடியும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் வருஷம் முழுக்க முதல் டிரிப்பைச் சுமப்பது அநியாயம்.

நாஞ்சில்வாசி

மாலை? கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு சேரும்? நவம்பர் மழையில் அதுதான் முக்கியம்.

டெப்போபக்கம்

இப்போது: 3.55க்கு வண்டி கிளம்பி 4.40க்கு முதல் டிரிப் முடிகிறது. 5.05க்குப் பள்ளிக்குத் திரும்பி, கடைசி ஸ்டாப் 5.50.
புதிதாக: 4.05க்குக் கிளம்பி 4.40, 5.05, கடைசி ஸ்டாப் 5.40.

பள்ளி 10 நிமிடம் தாமதமாக விட்டும் கடைசிப் பிள்ளை 10 நிமிடம் முன்னால் வீடு சேர்கிறது. நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் மறைவதே 5.40 வாக்கில். எட்டுப் பீரியடும் 45 என்று 4.15க்கு முடித்தால் கடைசி ஸ்டாப் ஆறு மணி. மேகம் கட்டிய நாளில் முழு இருட்டு. எனவே மதியப் பீரியட் குறைப்பும் ஸ்டாப் குறைப்பும் சேர்ந்துதான் வர வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது.

மில்ஷிப்ட்

எங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. அம்மாவும் அப்பாவும் 8.30 ஷிப்டுக்கு 8 மணிக்குக் கிளம்பும் வீடுகள் நிறைய. பள்ளி பஸ் இல்லை, அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுகிறவர்கள். 9.00 என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரம் தனியாகக் கிடக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு தானாகக் கிளம்பி வர வேண்டும்.

வேன்காரர்களையும் கேளுங்கள். ஒரே வேன் 8.15க்கு ஒரு பள்ளியில் இறக்கி, அடுத்து 8.50க்கு இன்னொரு பள்ளிக்கு ஓடும். உங்கள் நேரம் மாறினால் இரண்டும் மோதும். ஜூனில் வேனே கிடைக்காமல் போகலாம். ஷேர் ஆட்டோவும் அப்படித்தான்.

கால_அட்டவணைக்காரர்

இதற்கு ஒரே தீர்வு: கேட் 7.45க்குத் திறக்க வேண்டும், மணி 9.00க்கு அடிக்க வேண்டும். நடுவில் நூலகமும் ஒரு வகுப்பறையும் திறந்திருக்கும், மைதானம் உண்டு, முறை வைத்து இரண்டு ஆசிரியர் பொறுப்பு. அப்படி முன்னால் வருகிற ஆசிரியர் அன்று 3.15க்கே போகலாம்; எட்டாவது பீரியட் அவருக்குப் போடக் கூடாது. ஈடு கொடுக்காமல் பொறுப்பை மட்டும் சுமத்தினால் இரண்டே மாதத்தில் அந்த அறையில் ஆள் இருக்க மாட்டார்.

அந்த நேரத்தில் பாடம், டெஸ்ட், ஒப்புவித்தல் எதுவும் கூடாது. இதை எழுத்தில் வையுங்கள். ஏனென்றால் அடுத்து வரப்போவது தெரியும்.

ஆறாம்_பீரியட்

ஸ்பெஷல் கிளாஸ். 9.00க்கு மாற்றிய பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் 7.45க்கு ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்திருக்கும். யாருக்குத் தூக்கம் மிகவும் தேவையோ அவர்களுக்கு மட்டும் நேரம் மாறியிருக்காது. நான் மேலே மறுத்ததும் இதை மனதில் வைத்துத்தான். இதைத் தடுக்காமல் மணியை மாற்றுவது வீண்.

"பப்ளிக் எக்ஸாமுக்குக் காலையிலேயே மூளை வேலை செய்யப் பழக வேண்டும்" என்பார்கள். நம் பொதுத்தேர்வு தொடங்குவது காலை 10 மணிக்கு. வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், எழுதத் தொடங்குவது 10.15. ஏழே முக்காலுக்குப் பழகி என்ன பயன்?

தூக்கம்_முக்கியம்

ஸ்பெஷல் கிளாஸ் கண்டிப்பாக வேண்டும் என்றால் வாரத்தில் இரண்டு நாள், மாலை 4.05 முதல் 4.55 வரை. அந்தப் பிள்ளைகள் 5.05 டிரிப்பில் போகலாம், வண்டி ஏற்கெனவே திரும்பி வருகிறது. முதல் டிரிப் ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்று மாற்று ஏற்பாடு தேவைப்படும். ஒரு வண்டியை மட்டும் நீட்டித்தால் போதும்.

அரசுப்பள்ளி_ஆசிரியர்

பஸ் பாஸில் வருகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமத்து டவுன் பஸ் 8.05க்கு ஒன்று, அடுத்தது 9.10க்கு என்று இருந்தால், உங்கள் 9.00 மணிக்கு அர்த்தமில்லை. பிள்ளை 8.05 வண்டியில்தான் வரும். முதலில் எந்தெந்த ஊர் பஸ் எத்தனை மணிக்குப் பள்ளி ஸ்டாப்பைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 15 நிமிட வித்தியாசம் என்றால் டெப்போவின் கிளை மேலாளருக்கு மனு கொடுக்கலாம். தடம் எண், இப்போதைய நேரம், கேட்கும் நேரம், ஏறும் மாணவர் எண்ணிக்கை ஸ்டாப் வாரியாக, தலைமை ஆசிரியர் கையெழுத்து. ஏப்ரலிலேயே கொடுங்கள். "பஸ் நேரத்தை மாற்றித் தரவும்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும்.

பக்கத்தில் இன்னொரு பெரிய பள்ளி 9.00க்குத் தொடங்கினால் நீங்கள் 8.50 அல்லது 9.10 வையுங்கள். இரண்டு பள்ளிக் கூட்டமும் ஒரே வண்டியில் ஏறினால் படிக்கட்டில்தான் தொங்குவார்கள்.

தொடக்கப் பள்ளிகளில் நேரம் மாற்றுகிறவர்கள் காலை உணவுத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம். மணி அரை மணி முன்னால் வந்தால், உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் அடுப்பு மூட்டும் பெண்கள் அரை மணி முன்னால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவர்கள் வீட்டிலும் பள்ளிப் பிள்ளை இருக்கும்.

நாஞ்சில்வாசி

வெயிலுக்காகச் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறவர்களுக்கு: தெலங்கானாவில் மார்ச் நடுவிலிருந்து காலை 8.00 முதல் 12.30 வரை அரைநாள் பள்ளி வைக்கிறார்கள். அது சரி, உச்சி வெயில் முற்றும் முன் வீடு சேரலாம். முழுநாள் பள்ளியை 8.00க்குத் தொடங்கினால் 3.15க்கு விடுகிறோம். அதுவும் கொதிக்கும் நேரம்தானே? தூக்கமும் போய், வெயிலும் குறையாது.

கேரளத்தில் 2025இல் உயர்நிலை வகுப்புகளை 9.45 – 4.15 ஆக்கி அரை மணி கூட்டியபோது, காலை மதரசா வகுப்பு பாதிக்கும் என்று எதிர்ப்பு வந்தது. உங்கள் பகுதியில் மதரசாவோ வேறு காலை வகுப்போ போகும் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். சுற்றறிக்கை அனுப்பிய பிறகு கேட்டால் கோபம்தான் மிஞ்சும்.

பெ_ஆ_கழக_உறுப்பினர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எல்.கே.ஜி முதல் ஐந்து வரை முதல் டிரிப்பில் கொண்டுவந்து 8.00க்குத் தொடங்கி, பெரிய வகுப்புகளை இரண்டாவது டிரிப்பில் 9.00க்கு வைத்தால் யாரும் காத்திருக்க வேண்டாமே?

டெப்போபக்கம்

காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வண்டியும் இரண்டு ரூட்டையும் இரண்டு தடவை ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு ஒருமுறை. டிரிப் நான்காகிவிடும். டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் ஏறும். பெரிய வகுப்புகள் சீக்கிரம் தொடங்கக் கூடாது என்று அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 2023இல் போட்ட சட்டத்தை 2025இல் திரும்பப் பெற்றது. பஸ் செலவும் ஆள் பற்றாக்குறையும் அதில் பெரிய காரணம்.

அண்ணன் தங்கை ஒரே ஸ்டாப்பில் ஏறுவதும் போய்விடும். யு.கே.ஜி பிள்ளையை ஏற்ற ஒருமுறை, ஒன்பதாம் வகுப்பை ஏற்ற ஒருமுறை என்று தாய் இரண்டு தடவை ஸ்டாப்புக்கு வர வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2024இல் நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று அரசாணையே போட்டார்கள். சின்னப் பிள்ளைகளை முன்னால் தள்ளுவது சரியான வழியில்லை.

பெ_ஆ_கழக_உறுப்பினர்

புரிந்தது, பிரிக்க வேண்டாம். 9.00 – 3.55, ஸ்டாப் சேர்ப்பு, 7.45க்கு கேட், காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. இந்த நான்கையும் ஒரே தீர்மானமாக வைக்கிறேன். மாற்றிய பிறகு பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

தூக்கம்_முக்கியம்

இப்போதே, பழைய நேரத்தில், ஒரு வாரம் எடுங்கள்: 8 முதல் 12ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவரும் படுத்த நேரம், எழுந்த நேரம் சீட்டில் எழுத வேண்டும், பெயர் வேண்டாம், வகுப்பும் டிரிப் எண்ணும் போதும். ஆகஸ்டில் அதே சீட்டு, அதே மாதிரி சாதாரண வாரம். பரீட்சை வாரத்தையும் மழை விடுமுறை வந்த வாரத்தையும் எடுத்தால் ஒப்பிட முடியாது. இதோடு லேட் ரிஜிஸ்டர், முதல் பீரியட் வருகை, பிரேயரில் மயங்கி உட்கார்ந்தவர்கள் பதிவு. மார்க்கை முதல் ஆண்டிலேயே எதிர்பார்க்காதீர்கள். வினாத்தாளும் ஆசிரியரும் மாறுவதால் அதில் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அரசுப்பள்ளி_ஆசிரியர்

வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா? 8.15க்கும் 8.50க்கும் நடுவில் ஒரு பாசஞ்சர் கடந்தால் இரண்டாவது டிரிப் ஏழெட்டு நிமிடம் நின்றுவிடும். கேட் மூடும் நேரத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, அதற்கேற்ப இரண்டு வண்டிகளின் ரூட் திசையைத் திருப்பிப் பாருங்கள். தீர்மானத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலியாக ஓட்டிப் பார்க்காதீர்கள், டிராபிக் வேறு. வேலை நாளில், 7.15க்கு, ஒரு காரில் போய் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒன்றரை நிமிடம் நின்று நேரம் குறியுங்கள்.